மெய்நிகர் வட்டுக்கும் எழுத்து வேறு: சர்வரை இடம் மாற்றுவோருக்கான பாடம்



நம் பிள்ளைகளில் கணினிப் பட்டப்படிப்பும் டிப்ளமோவும் படிப்பவர்கள் பலர். படித்து முடித்து சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் அலுவலக சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவர்களும் உண்டு. இன்னொரு பக்கம், கடையின் கொள்முதல், விற்பனை, பாக்கி விவரம் எல்லாவற்றையும் கணினியில் வைத்துக்கொண்டு, அது எப்படி ஓடுகிறது என்பதை டெக்னீஷியனிடம் விட்டுவிட்ட வியாபாரிகளும் நம்மிடையே இருக்கிறார்கள். இந்த இரு தரப்பாருக்கும் பயன்படும் ஒரு பாடத்தை இம்மாதம் எடுத்துக்கொண்டுள்ளோம்: ஒரு மெய்நிகர் கணினியை ஒரு மென்பொருளிலிருந்து வேறொன்றுக்கு மாற்றும்போது அதன் வட்டு ஏன் முரண்டு பிடிக்கிறது, அதை எப்படிச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

மெய்நிகர் கணினி என்பது என்ன?

ஒரே பெரிய கணினிக்குள் பல சிறு கணினிகள் தனித்தனியாக ஓடுவதுபோல் செய்துகாட்டும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். உள்ளே ஓடும் ஒவ்வொன்றும் ஒரு மெய்நிகர் கணினி. விண்டோஸோ லினக்ஸோ அதற்குள் இருக்கும். தான் நிஜக் கணினியில் ஓடுவதாகவே அது நினைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கென்று இரும்பில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. பெரும்பாலும் ஒரு பெரிய ஃபைல்தான் அதன் ஹார்ட் டிஸ்க். விண்டோஸ், கணக்கு மென்பொருள், பல ஆண்டு பில்கள் எல்லாம் அந்த ஒரே ஃபைலுக்குள் அடங்கியிருக்கும்.

அந்த ஃபைலை எப்படி எழுதி வைப்பது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு முறையாக வகுத்துக்கொண்டது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இப்போது ஏன் எல்லோரும் மாறுகிறார்கள்?

அலுவலக சர்வர்களில் நீண்ட காலம் கோலோச்சியது விஎம்வேர். 1998இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தை பிராட்காம் 2023 நவம்பரில் வாங்கி முடித்தது. அடுத்த மாதமே, ஒரு முறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமத்தின் விற்பனை நிறுத்தப்பட்டு, காலந்தோறும் சந்தா கட்டும் முறை வந்தது. செலவைக் கணக்குப் பார்த்த பல நிறுவனங்கள் வேறு வழி தேடத் தொடங்கின.

அப்படி மாறுபவர்கள் பெரும்பாலும் போய்ச் சேரும் இடங்கள் இரண்டு. ஒன்று, மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி. மற்றது, லினக்ஸ் கெர்னலில் 2007ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட கேவிஎம். ஆஸ்திரியாவின் வியன்னாவைச் சேர்ந்த ப்ராக்ஸ்மாக்ஸ் இந்த கேவிஎம்மின் மேல் கட்டப்பட்டது. வீட்டிலும் கல்லூரியிலும் பழகுவதற்கு ஆரக்கிளின் விர்ச்சுவல்பாக்ஸ் இருக்கிறது.

மொழி ஒன்று, எழுத்து வேறு

நம் வீடுகளில் பழைய அரபுத்தமிழ் கிதாபுகளைப் பார்த்திருப்பீர்கள். மொழி தமிழ், எழுத்து அரபு. தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் அதைக் கொடுத்தாலும், எழுத்து தெரியாவிட்டால் ஒரு வரியும் படிக்க முடியாது. அதையே தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதிக் கொடுத்தால் உடனே படித்துவிடுவார்.

மெய்நிகர் வட்டும் அப்படித்தான். உள்ளே இருக்கும் விண்டோஸும் கணக்கும் ஒன்றே. அதை எழுதிவைத்த முறை மட்டும் வேறு. ஒவ்வொரு முறையையும் சுருக்கமாகப் பார்ப்போம்.

*விஎம்டிகே:* விஎம்வேரின் முறை. இந்தப் பெயருக்குள்ளேயே பல உட்பிரிவுகள் உண்டு. வொர்க்ஸ்டேஷனில் உருவாக்கிய விஎம்டிகேயை இஎஸ்எக்ஸ்ஐ சர்வரில் அப்படியே வைத்து ஓட்ட முடியாமல் போகலாம். ஒரே நிறுவனத்தின் இரண்டு பொருள்களுக்கு இடையிலும் மாற்றம் தேவைப்படுகிறது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

*விஎச்டி:* கனெக்டிக்ஸ் என்ற நிறுவனத்தின் விர்ச்சுவல் பிசியோடு வந்தது. 2003இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. இதில் ஏறத்தாழ 2 டெராபைட்டுக்கு மேல் வைக்க முடியாது.

*விஎச்டிஎக்ஸ்:* விண்டோஸ் சர்வர் 2012 உடன் வந்த புதிய முறை. 64 டெராபைட் வரை கொள்ளும். திடீரென மின்சாரம் போனாலும் வட்டின் உள்கணக்கு குலையாமல் காக்கும் ஏற்பாடும் இதில் உண்டு.

*விடிஐ:* விர்ச்சுவல்பாக்ஸின் சொந்த முறை. விர்ச்சுவல்பாக்ஸ் விஎம்டிகே, விஎச்டி இரண்டையும்கூடப் படிக்கும்.

*க்யூகவ்2:* கேவிஎம்மோடு சேர்ந்து இயங்கும் க்யூஎமு மென்பொருளின் முறை.

*ரா:* எந்த அலங்காரமும் இல்லாமல் வட்டில் இருப்பதை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை வரிசையாக எழுதிவைப்பது. இதைப் பெரும்பாலான கருவிகள் புரிந்துகொள்ளும். ஆனால் வட்டின் முழு அளவுக்கும் இடம் கேட்கலாம்.

பெயரை மாற்றினால் எழுத்து மாறாது

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் சிலர், ஃபைல் பெயரின் கடைசியில் உள்ள விஎம்டிகே என்பதை அழித்துவிட்டு விஎச்டிஎக்ஸ் என்று எழுதிப் பார்ப்பார்கள். அட்டையில் "தமிழ்" என்று எழுதி ஒட்டினால் கிதாபின் எழுத்து மாறிவிடுமா? ரா தவிர மற்ற முறைகளுக்கு ஃபைலுக்குள்ளேயே ஓர் அடையாளக் குறி இருக்கிறது. ஹைப்பர்வைசர் அதைத்தான் பார்க்கும்.

இதற்கு எதிரான பிழையும் உண்டு. மாற்றும் கருவியிடம் மூல ஃபைல் ரா வகை என்று தவறாகச் சொல்லிவிட்டால், அது முகப்புக் குறிப்பையும் வட்டின் உள்ளடக்கம் என்று எண்ணி அப்படியே பெயர்த்து எழுதிவிடும். வேலை தடையின்றி முடிந்ததாகத் தோன்றும். புதிய கணினி மட்டும் கண் திறக்காது. ஆகவே மூலம் எது, முடிவு எது என்ற இரண்டையும் தெளிவாகச் சொல்லியே மாற்ற வேண்டும்.

வட்டை எடுக்கும்போது நேரும் தவறுகள்

முதலாவது, பாதி ஃபைலை எடுப்பது. இஎஸ்எக்ஸ்ஐ சர்வரில் ஒரு வட்டுக்கு வழக்கமாக இரண்டு ஃபைல்கள் இருக்கும். ஒன்று மிகச் சிறிய விவரக் குறிப்பு. மற்றது பெயரில் "ஃபிளாட்" என்ற சொல் சேர்ந்த பெரிய ஃபைல். உண்மையான தரவு பெரியதில் இருக்கிறது. நிர்வாகத் திரையில் பார்க்கும்போது இரண்டும் சேர்ந்து ஒன்றாகவே தெரியும். நகலெடுத்த பின் அளவைப் பாருங்கள். 200 ஜிபி வட்டு என்று சொல்லிவிட்டு ஒரு கேபி ஃபைல் மட்டும் வந்திருந்தால், பெட்டகத்தை விட்டுவிட்டுச் சாவியை மட்டும் எடுத்துவந்திருக்கிறீர்கள்.

இரண்டாவது, ஸ்னாப்ஷாட்டை மறப்பது. ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியிலிருந்து பழைய வட்டில் எதுவும் எழுதப்படாது. புதிய மாற்றங்கள் எல்லாம் வேறொரு ஃபைலுக்குப் போகும். மார்ச் மாதம் ஸ்னாப்ஷாட் எடுத்து அப்படியே விட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்டில் மூல வட்டை மட்டும் எடுத்து மாற்றினால் புதிய இடத்தில் கணினி நன்றாகவே எழுந்திருக்கும். ஆனால் கணக்கு மார்ச் மாதத்தோடு நின்றிருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் தவறு நேர்ந்ததே உடனே தெரியாது. எனவே மாற்றுவதற்கு முன் ஸ்னாப்ஷாட்களை ஹைப்பர்வைசரின் நிர்வாகத் திரையிலிருந்து நீக்கி, மாற்றங்கள் மூல வட்டோடு சேர்ந்துவிட்டனவா என்று உறுதிசெய்ய வேண்டும். ஃபோல்டருக்குள் போய் அந்த ஃபைலைக் கையால் அழித்தால், மார்ச்சுக்குப் பின் எழுதியது எல்லாம் போய்விடும்.

மூன்றாவது, ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் வட்டை நகலெடுப்பது. எழுதிக்கொண்டிருக்கும் ஏட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதினால் வரிகள் தவறும். முறையாக நிறுத்திவிட்டே எடுக்க வேண்டும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இருந்தால், ஷட்டவுன் செய்தாலும் அது முழுதாக நிற்பதில்லை. அதை முதலில் அணைத்துவிடுங்கள்.

வட்டு மாறிய பிறகும் கணினி எழவில்லையே?

எழுத்தைப் பெயர்ப்பது பாதி வேலைதான். உள்ளே இருக்கும் விண்டோஸ் புதிய வீட்டில் கண் விழிக்கும்போது பழகிய பொருள்கள் எதுவும் அங்கே இருக்காது. மீதிப் பாதி அங்கே இருக்கிறது.

*துவக்கும் முறை:* கணினியைத் துவக்குவதற்குப் பழைய பயாஸ், புதிய யூஇஎஃப்ஐ என்று இரண்டு முறைகள் உண்டு. பழைய இடத்தில் எதுவோ புதிய இடத்திலும் அதுவே வேண்டும். ஹைப்பர்-வியில் ஜெனரேஷன் 1 என்பது பயாஸ், ஜெனரேஷன் 2 என்பது யூஇஎஃப்ஐ. ஜெனரேஷன் 2 விஎச்டிஎக்ஸை மட்டுமே ஏற்கும். ஒருமுறை தேர்ந்தெடுத்து உருவாக்கிவிட்டால் அமைப்பில் போய் மாற்ற முடியாது, புதிதாகத்தான் உருவாக்க வேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் பயாஸ் முறையே அமையும்.

*வட்டுக்கான டிரைவர்:* விஎம்வேரில் விண்டோஸ் ஒரு வகை வட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பார்த்துப் பழகியிருக்கும். கேவிஎம்மில் வேகமாக இயங்குவது விர்ட்ஐஓ என்ற வேறொன்று. அதன் டிரைவர் விண்டோஸில் இயல்பாக இல்லை. நேரே மாற்றினால் தன் வட்டையே காண முடியாமல் "இன்அக்ஸஸபிள் பூட் டிவைஸ்" என்ற நீலத்திரையில் நின்றுவிடும். உடனே "வட்டு கெட்டுவிட்டது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல நேரங்களில் வட்டு நன்றாகவே இருக்கும், டிரைவர்தான் இருக்காது.

இதற்கு எளிய வழி உண்டு. முதலில் வட்டை சாட்டா வகையாக இணைத்துத் துவக்குங்கள். கூடவே 1 ஜிபி அளவில் ஒரு வெற்று வட்டை விர்ட்ஐஓ வகையாக இணையுங்கள். விண்டோஸ் எழுந்ததும் விர்ட்ஐஓ டிரைவரை நிறுவி, அந்தச் சிறு வட்டு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் நிறுத்திவிட்டு, மூல வட்டையும் விர்ட்ஐஓவுக்கு மாற்றி, துவக்க வரிசையில் அதை முதலில் வையுங்கள். பிறகு சிறு வட்டைக் கழற்றிவிடலாம்.

லினக்ஸில் இந்த டிரைவர்கள் பெரும்பாலும் கெர்னலிலேயே இருக்கும். ஆனால் ரெட் ஹேட் குடும்பத்து லினக்ஸ்கள், துவக்கத்துக்கான சிறு தொகுப்பில் அப்போதைய கணினிக்குத் தேவையான டிரைவர்களை மட்டும் வைத்துக்கொள்கின்றன. ஆகவே பழைய இடத்தில் இருக்கும்போதே எல்லா டிரைவர்களும் அடங்கிய தொகுப்பை உருவாக்கிவிட்டுப் புறப்படுவது நல்லது.

*நெட்வொர்க்:* புதிய இடத்தில் நெட்வொர்க் கார்டும் புதிது. நிலையாகக் கொடுத்திருந்த ஐபி முகவரி பழைய கார்டோடு போய்விடும். முன்கூட்டியே ஒரு தாளில் குறித்துவையுங்கள். உரிமத்தைக் கார்டின் மேக் முகவரியோடு பிணைத்திருக்கும் கணக்கு மென்பொருள்களும் உண்டு. அப்படியானால் பழைய மேக் முகவரியையே புதியதற்கும் கொடுக்கலாம்.

*பூட்டிய வட்டு:* பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவி எண் கையில் இல்லாமல் வட்டைத் தொடாதீர்கள். இடம் மாறியதும் அது கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

ஓவிஏ பொதியைப் பற்றி

கணினியை ஒரே பொதியாகக் கட்டி எடுத்துச்செல்ல ஓவிஎஃப் என்ற பொதுத் தரம் உண்டு. அதை ஒரே ஃபைலாகச் சேர்த்தால் ஓவிஏ. எத்தனை ப்ராசஸர், எவ்வளவு ராம் என்ற விவரப்பட்டியலும் வட்டும் அதில் சேர்ந்திருக்கும். பலர் இதை எல்லாச் சிக்கலுக்கும் தீர்வென்று நினைக்கிறார்கள். உள்ளே இருக்கும் வட்டு பெரும்பாலும் விஎம்டிகேதான். பொதியை அவிழ்த்து அதை எடுத்து மாற்ற வேண்டியிருக்கும். ஹைப்பர்-வியின் வழக்கமான இம்போர்ட் ஓவிஏவை ஏற்பதில்லை.

மைக்ரோசாஃப்டின் அஸூர் கிளவுடுக்கு வட்டை ஏற்றுவோருக்கும் ஒரு குறிப்பு. ஹைப்பர்-வி விஎச்டிஎக்ஸை விரும்பினாலும் அஸூர் கேட்பது பழைய விஎச்டியை. அதுவும் முழு அளவையும் முன்கூட்டியே ஒதுக்கிய நிலையான வகையாக, அளவு முழு எம்பியில் முடிவதாக இருக்க வேண்டும்.

வேலையைச் செய்யும் வரிசை

1. கணினியின் விவரங்களை எழுதிவையுங்கள்: பயாஸா யூஇஎஃப்ஐயா, எத்தனை வட்டுகள், ஐபி, மேக், உரிம எண்கள்.

2. முழு பேக்கப் எடுங்கள். அதை வேறொரு இடத்தில் மீட்டுப் பார்த்த பிறகே பேக்கப் என்று சொல்லுங்கள்.

3. ஸ்னாப்ஷாட்களை ஒன்றுசேர்த்து முடியுங்கள். விஎம்வேர் டூல்ஸைப் பழைய இடத்திலேயே நீக்கிவிடுங்கள், புதிய இடத்துக்குப் போனபின் அதை நீக்குவது சிரமம். நீக்கினால் நெட்வொர்க் கார்டின் டிரைவரும் போகக்கூடும் என்பதால் இதை நிறுத்துவதற்குச் சற்று முன்பு செய்யுங்கள்.

4. முறையாக நிறுத்துங்கள்.

5. வட்டை மாற்றுங்கள். க்யூஎமுவுடன் வரும் க்யூஎமு-இமேஜ் கருவி மேலே சொன்ன எல்லா முறைகளையும் படிக்கும். அதில் விஎச்டிக்கு விபிசி என்று பெயர், விஎச்டி என்று கொடுத்தால் ஏற்காது. டிரைவரையும் சேர்த்தே பொருத்தித் தரும் விர்ட்-வி2வி என்ற கருவியும் உண்டு. 2024 ஏப்ரலில் வந்த ப்ராக்ஸ்மாக்ஸ் 8.2 முதல் இஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து நேரே இறக்கும் வசதியும் இருக்கிறது.

6. மாற்றிய வட்டையும் மூல வட்டையும் ஒப்பிடுங்கள். க்யூஎமு-இமேஜிலேயே அதற்கான கட்டளை உண்டு. புதிய வட்டைத் துவக்குவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். துவக்கிய பின் உள்ளடக்கம் மாறிவிடும்.

7. புதிய கணினியை நெட்வொர்க் இணைக்காமல் துவக்கிப் பாருங்கள். பழையதும் புதியதும் ஒரே பெயரில் ஒரே ஐபியில் ஒரே நேரத்தில் ஓடக் கூடாது. ஓடினால் பில் பாதி இங்கும் பாதி அங்கும் பதிவாகிவிடும்.

8. கணக்கைத் திறந்து, கடைசி பில் எண்ணும் தேதியும் சரியா என்று கடைக்காரரையே பார்க்கச் சொல்லுங்கள்.

9. ஒரு மாத முடிவுக் கணக்கு ஓடி முடியும்வரை பழைய வட்டை அழிக்காதீர்கள்.

நேரத்தையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். 500 ஜிபி வட்டை விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் படித்தால் 5,000 விநாடிகள், அதாவது ஏறத்தாழ 1 மணி 23 நிமிடம். நகலெடுக்க ஒரு முறை, மாற்ற ஒரு முறை, ஒப்பிட ஒரு முறை என்றால் 4 மணி நேரத்துக்கு மேல் ஆகும். "அரை மணியில் முடித்துத் தருகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கடைக்காரரை வாசலில் நிற்க வைக்க வேண்டாம்.

வியாபாரிகள் கேட்க வேண்டிய கேள்விகள்

இதுவரை சொன்னது முழுதும் புரிய வேண்டும் என்பதில்லை. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கு ஏடுகளை, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கடனுக்குச் சரக்கு வாங்கியவர் யார், யாருக்கு நாம் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதும் அந்த ஃபைலில்தான் இருக்கிறது. பிறர் பணத்தைப் பற்றிய பதிவு என்பதால் அது நம் கையில் உள்ள அமானிதமும்கூட. ஆகவே சர்வரை மாற்றப் போகிறேன் என்று வருபவரிடம் இந்த ஐந்தையும் கேளுங்கள்:

- பேக்கப் எங்கே இருக்கிறது? மீட்டுப் பார்த்தீர்களா?
- ஸ்னாப்ஷாட் ஏதாவது நிற்கிறதா?
- எத்தனை மணி நேரம் கடை கணினி இல்லாமல் இருக்கும்?
- சரிவராவிட்டால் பழைய இடத்துக்கே எவ்வளவு நேரத்தில் திரும்பலாம்?
- பழைய வட்டை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்?

தொழில் தெரிந்தவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

மாணவர்களுக்குப் பயிற்சி

விர்ச்சுவல்பாக்ஸில் 10 ஜிபி வட்டோடு ஒரு சிறிய லினக்ஸை நிறுவுங்கள். உள்ளே ஒரு ஃபைலில் இன்றைய தேதியை எழுதுங்கள். ஸ்னாப்ஷாட் எடுங்கள். பிறகு அதே ஃபைலில் இன்னொரு வரி சேருங்கள். கணினியை நிறுத்திவிட்டு, மூல விடிஐ ஃபைலை மட்டும் க்யூகவ்2ஆக மாற்றி, க்யூஎமுவில் துவக்கிப் பாருங்கள். இரண்டாவது வரி இருக்கிறதா? இல்லையென்றால் ஏன்? அது வர நீங்கள் முதலில் என்ன செய்திருக்க வேண்டும்? விடையை உங்கள் நோட்டில் எழுதிவையுங்கள். கடைக்காரர் ஒருவரின் வட்டு உங்கள் கைக்கு வரும் நாளில் அது உதவும்.